இருபது பவுண்டு நோட்டிலிருந்து தொடங்குங்கள்: பிரிட்டனில் ஓவியக் கூடங்களையும் கண்காட்சிகளையும் பார்ப்பது எப்படி

பிரிட்டனில் இப்போது புழக்கத்திலுள்ள இருபது பவுண்டு நோட்டின் பின்புறத்தில் ஓர் இளைஞரின் முகமும், அதன் அருகில் நீராவிப் படகு ஒன்றால் இழுத்துச் செல்லப்படும் பழைய போர்க்கப்பலும் அச்சிடப்பட்டிருக்கின்றன. முகம், ஓவியர் டர்னர் 1799 வாக்கில் தம்மைத் தாமே வரைந்துகொண்டது. கப்பல், அவர் 1839-இல் காட்சிக்கு வைத்த 'டெமரேர்' ஓவியத்தில் உள்ளது. முதல் ஓவியம் லண்டனில் மில்பேங்கிலுள்ள டேட் பிரிட்டனுக்கும், இரண்டாவது டிரஃபால்கர் சதுக்கத்திலுள்ள நேஷனல் கேலரிக்கும் சொந்தமானவை. இரண்டு கூடங்களுக்கும் இடையே ஏறத்தாழ அரை மணி நேர நடைதான். இரண்டிலும் நிரந்தரத் தொகுப்பைப் பார்ப்பதற்கு அந்த இருபது பவுண்டு நோட்டை மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

நுழைவு இலவசம் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அதனால் பார்க்கும் முறையே மாற வேண்டும் என்பதைத்தான் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 2001 டிசம்பரில், அதுவரை கட்டணம் வாங்கிக்கொண்டிருந்த இங்கிலாந்தின் தேசிய அருங்காட்சியகங்களும் அதைக் கைவிட்டன. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் தேசியத் தொகுப்புகளை இலவசமாகவே பார்க்கலாம். அப்படியிருந்தும், கோயிலுக்குப் போனால் எந்தச் சந்நிதியையும் விட்டுவிடக் கூடாது என்பதைப் போல, காலை பத்து மணிக்கு நுழைந்து மாலை வரை ஒவ்வோர் அறையாகச் சுற்றி, கால் வலியோடும் தலைபாரத்தோடும் வெளியேறுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். கட்டணம் கொடுத்திருந்தால் அந்த அவசரத்தில் ஒரு நியாயம் உண்டு. கொடுக்காதபோது, ஒரு மணி நேரம் இருந்து, நான்கைந்து ஓவியங்களை மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டு வெளியே வந்து தேநீர் குடித்து, விருப்பம் இருந்தால் மீண்டும் உள்ளே போகலாம். இல்லையென்றால் அடுத்த வாரம் வரலாம். சில நாட்களே லண்டனில் தங்கப்போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஒரே கூடத்தில் ஆறு மணி நேரம் செலவிடுவதைவிட, அதே கூடத்துக்கு இரண்டு நாட்களில் இரண்டு முறை ஒவ்வொரு மணி நேரம் போவது நல்லது.

கட்டணம் எங்கே தொடங்குகிறது என்பதை முன்னதாகவே தெரிந்துகொள்ள வேண்டும். நேஷனல் கேலரி, டேட் கூடங்கள், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போன்றவற்றில் நிரந்தரத் தொகுப்பு மட்டுமே இலவசம். பிற நாடுகளிலிருந்து ஓவியங்களை இரவல் வாங்கிச் சில மாதங்கள் நடத்தும் சிறப்புக் கண்காட்சிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு, பெரிய கண்காட்சி என்றால் இருபது பவுண்டை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகலாம். கோர்ட்டால்டு கேலரி, டல்விச் பிக்சர் கேலரி போன்றவை தொகுப்பைப் பார்க்கவே கட்டணம் வாங்குகின்றன. மானே வரைந்த மதுக்கூடப் பெண்ணும், காதில் கட்டுப் போட்ட வான்காவும் கோர்ட்டால்டில் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், அங்கே கொடுக்கும் பணத்தை நான் ஒருபோதும் குறைகூறியதில்லை. மாறாக, மான்செஸ்டர் சதுக்கத்திலுள்ள வாலஸ் கலெக்ஷனும், வடக்கு லண்டனில் ரெம்பிராண்டின் தன்னுருவப் படமும் வெர்மீரின் 'கிதார் வாசிக்கும் பெண்'ணும் உள்ள கென்வுட் மாளிகையும் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் வாங்குவதில்லை. அங்கே கூட்டமும் குறைவு.

சிறப்புக் கண்காட்சிக்கு முன்பதிவு செய்வதே பாதுகாப்பு. நுழைவுச்சீட்டில் குறிக்கப்படும் நேரம் பொதுவாக உள்ளே நுழைவதற்கான நேரமே. நுழைந்துவிட்டால் கூடம் மூடும் வரை நிதானமாகப் பார்க்கலாம், ஆனால் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் பெரும்பாலும் மீண்டும் விட மாட்டார்கள். தொடக்க வாரங்களிலும் முடிவு வாரங்களிலும் நெரிசல் மிகுதி. இடைப்பட்ட வாரங்களின் வேலை நாட்களே ஏற்றவை. நேஷனல் கேலரியில் நடந்த வான்கா கண்காட்சி 2025 ஜனவரியில் முடியும் தறுவாயில், கூட்டம் தாங்காமல் ஓர் இரவு முழுவதும் கூடத்தைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதிலிருந்தே, கடைசி வாரத்தை நம்பி இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது விளங்கும். உள்ளே போனதும் முதல் அறையில் நிற்காதீர்கள். அறிமுகப் பலகையைப் படிக்கும் ஆர்வத்தில் எல்லோரும் அங்கேதான் தேங்கி நிற்பார்கள். மூன்றாவது அறைக்கு வருவதற்குள் பாதிப் பேருக்குப் பொறுமை தீர்ந்துவிடும். நான் முதலில் கடைசி அறை வரை வேகமாக நடந்து எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து வேண்டியவற்றின் முன் நிற்பேன்.

சீட்டு வாங்கும் திரையில் 'நன்கொடையுடன்', 'நன்கொடை இன்றி' என்று இரண்டு விலைகள் காணப்படலாம். குறைந்த விலையைத் தேர்ந்தெடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. அதையடுத்து 'கிஃப்ட் எய்ட்' சேர்க்கலாமா என்று கேட்பார்கள். பிரிட்டனில் வருமான வரி செலுத்துகிறவர் அதற்கு ஒப்புக்கொண்டால், அவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸை அந்தக் கூடம் அரசிடமிருந்து திரும்பப் பெறும். கொடுப்பவருக்குக் கூடுதல் செலவில்லை. ஆனால் பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோரைப் போல இங்கே வரி செலுத்தாதவர்கள் அந்தக் கட்டத்தில் குறியிடக் கூடாது. சலுகைகளையும் தேடிப் பாருங்கள்: மாணவர், மூத்தோர், அரசு உதவித்தொகை பெறுவோர் ஆகியோருக்குப் பல இடங்களில் தனி விலை உண்டு, மாற்றுத்திறனாளியுடன் வரும் உதவியாளருக்குப் பொதுவாகக் கட்டணமில்லை. 16 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் 'டேட் கலெக்டிவ்' என்ற திட்டத்தில் இலவசமாகச் சேர்ந்து டேட் கண்காட்சிகளை 5 பவுண்டுக்குப் பார்க்கலாம். ஆண்டுக்குப் பல கண்காட்சிகள் பார்க்கிறவர்களுக்கு, 1903-இல் தொடங்கப்பட்ட ஆர்ட் ஃபண்ட் அமைப்பு விற்கும் 'நேஷனல் ஆர்ட் பாஸ்' அட்டை பயன்படும். அதைக் காட்டினால் பல பெரிய கண்காட்சிகளுக்குப் பாதி விலைதான்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் வெள்ளிக்கிழமை மாலைக்கு ஈடில்லை. நேஷனல் கேலரி அன்று இரவு 9 மணி வரையும், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் இரவு 10 மணி வரையும் திறந்திருக்கும். பள்ளிக் குழுக்கள் போய்விட்ட பிறகு, பகலில் எட்டிப் பார்க்கவும் முடியாத ஓவியத்தின் முன் தனியாக நிற்கும் வாய்ப்புக் கிடைக்கும். பிப்ரவரி நடுவிலும் மே இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும் வரும் பள்ளி விடுமுறை வாரங்களைக் கூடுமானவரை தவிர்க்கவும். லண்டனுக்கு வெளியே திங்கட்கிழமை பல கூடங்கள் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியமும் கார்டிஃபின் தேசிய அருங்காட்சியகமும் அப்படிப்பட்டவையே. கிறிஸ்துமஸை ஒட்டி, 24 முதல் 26 வரை, ஏறக்குறைய எல்லாம் அடைத்திருக்கும்.

வாயிலில் பையைச் சோதிப்பார்கள். சக்கரம் வைத்த பயணப் பெட்டியோடு விமான நிலையத்திலிருந்து நேராக வந்து நிற்பவர்களைப் பெரிய கூடங்கள் பல திருப்பி அனுப்பிவிடும். பெட்டியை ரயில் நிலையத்திலேயே ஒப்படைத்துவிட்டு வருவதுதான் வழி. ஓவியங்கள்மீது சூப் வீசும் போராட்டங்களுக்குப் பிறகு நேஷனல் கேலரி 2024 அக்டோபரில் திரவங்களுக்குத் தடை விதித்தது. குழந்தைக்கான பாலும் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகளும் மட்டும் விலக்கு. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை என்பதால், புறப்படும் நாளன்று அந்தந்தக் கூடத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. முதுகுப்பையை உள்ளே முன்பக்கமாக மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். திரும்பும்போது அது பின்னால் எதன்மீது மோதும் என்று நமக்குத் தெரியாது என்பதே காரணம். நிரந்தரத் தொகுப்பைப் பெரும்பாலும் ஒளிப்படம் எடுக்கலாம். ஃபிளாஷும் செல்ஃபி குச்சியும் கூடாது. இரவல் வாங்கிய ஓவியங்களுக்கு உடைமையாளரின் நிபந்தனை இருக்கக்கூடும் என்பதால் சிறப்புக் கண்காட்சிகளில் சில நேரம் படமெடுக்கத் தடை உண்டு. பென்சிலால் வரைந்துகொள்ள வழக்கமாக அனுமதிப்பார்கள், பேனா வேண்டாம். சுட்டிக்காட்டும் விரலையும் அடக்கிக்கொள்ள வேண்டும். ஒருமுறை நண்பருக்கு ஒரு கப்பலின் பாய்மரத்தைக் காட்டப் போய், எச்சரிக்கை மணி அலறி, அறையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க நான் குறுகிப்போனேன். அங்கிருந்த பணியாளர் மட்டும், ஒரு நாளைக்குப் பலமுறை நடப்பதுதான் என்று சிரித்தார்.

அந்தப் பணியாளர்களிடம் பேசத் தயங்காதீர்கள். அறையின் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் காவலுக்கு மட்டும் இருப்பவர் அல்லர். நாள் முழுதும் அதே ஓவியங்களோடு இருப்பதால், எந்த இடத்தில் நின்றால் கண்ணாடியில் வெளிச்சம் பிரதிபலிக்காது என்பது உட்படப் பலவும் அவருக்குத் தெரியும்.

ஓவியத்துக்கு அருகிலுள்ள குறிப்புச்சீட்டை வாசிக்கவும் ஒரு முறை உண்டு. ஓவியர் பெயர், அவர் வாழ்ந்த ஆண்டுகள், தலைப்பு, வரைந்த ஆண்டு, எதன்மீது எந்த வண்ணத்தால் வரையப்பட்டது ஆகியவற்றுக்குப் பின், அது எப்படி அங்கே வந்தது என்ற வரியைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. எனக்கு அதுவே மிகச் சுவையான வரி. உயில்வழி வந்தது, அன்பளிப்பாக வந்தது, விலைக்கு வாங்கப்பட்டது என்பவற்றோடு, வாரிசு வரிக்குப் பதிலாக ஏற்கப்பட்டது என்றும் சிலவற்றில் காணலாம். பணமாகக் கட்ட வேண்டிய வரிக்கு ஈடாக ஒரு குடும்பம் ஓவியத்தையே நாட்டுக்குக் கொடுத்திருக்கிறது என்பது அதன் பொருள். நேஷனல் கேலரியின் பதிவு எண்கள் ஒரு வரலாற்றையே சொல்கின்றன. 1824-இல் ஆங்கர்ஸ்டைன் என்ற வணிகரின் தொகுப்பிலிருந்து 38 ஓவியங்களை அரசு வாங்கியதில்தான் அந்தக் கூடம் தொடங்கியது. அவற்றில் எண் 1 பெற்றது செபஸ்டியானோ தெல் பியோம்போ வரைந்த, லாசரு உயிர்த்தெழும் காட்சி. பெயருக்கு முன்னால் 'இவருடையதாகக் கருதப்படுவது', 'இவரது பட்டறையைச் சேர்ந்தது' போன்ற சொற்கள் வந்தால் அவற்றையும் கவனியுங்கள். அறிஞர்களின் தயக்கம் அந்தச் சொற்களில்தான் பதிவாகியிருக்கிறது. ஆனால் குறிப்பைப் படிப்பது ஓவியத்தைப் பார்த்த பிறகே இருக்கட்டும். முதலில் படித்துவிட்டால், அதில் சொன்னதைச் சரிபார்ப்பதோடு கண் ஓய்ந்துவிடுகிறது.

நின்று பார்ப்பது என்றால் என்ன என்பதை, நேஷனல் கேலரியிலுள்ள, ஹோல்பைன் 1533-இல் வரைந்த 'தூதர்கள்' ஓவியத்தில் பழகலாம். இரண்டு பெரிய மனிதர்கள், அவர்களுக்கு நடுவே வானியல் கருவிகளும் இசைக்கருவிகளும் அடுக்கிய மேசை, கீழே தரையில் சாய்வாக ஏதோ ஒரு நீண்ட வெளிர்நிறக் கறை. நேராக நிற்கும் வரை அது கறைதான். ஓவியத்தின் வலப்பக்க ஓரத்துக்குப் போய், சுவரை ஒட்டியபடி சட்டகத்தின் விளிம்பிலிருந்து சாய்வாகப் பார்த்தால் அது மண்டை ஓடாக எழுந்து நிற்கும். அந்தக் கணத்தில் தூதர்கள் இருவரும் கோணலாகிவிடுவார்கள். பிறகு முன்னால் வந்து, மேசையிலுள்ள வீணை போன்ற கருவியில் அறுந்த தந்தியையும், இடப்பக்க மேல் மூலையில் பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும் சிலுவையையும் தேடுங்கள். இவ்வளவுக்கும் குறைந்தது கால் மணி நேரம் வேண்டும். அதே கூடத்தில் வான் எய்க் 1434-இல் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதியரின் பின்னாலுள்ள சிறு குவியாடியில், அறைக்குள் நுழையும் வேறு இருவரின் உருவம் தெரியும். டர்னரோ, தம் ஓவியங்கள் இரண்டைப் பிரெஞ்சு ஓவியர் கிளாடின் இரண்டு ஓவியங்களுக்கு அருகில் மாட்ட வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்தார். 1851-இல் அவர் இறந்தபின் கூடம் அதை ஏற்றது. எவர் வெளிச்சம் மேலானது என்று நீங்களே நின்று ஒப்பிடலாம். என் தீர்ப்பை இங்கே சொல்லப்போவதில்லை.

தமிழ் வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 33-ஆம் அறையில் சுமார் 1100-ஆம் ஆண்டைச் சேர்ந்த சோழர் காலச் செப்புத் திருமேனியான நடராசர் இருக்கிறார். அதை ஒட்டிய கண்ணாடிச் சுவர் அறையில் அமராவதித் தூபியின் சிற்பப் பலகைகள் உள்ளன. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டில், ஐரோப்பியச் சிப்பாய்மீது பாய்ந்து நிற்கும் திப்புவின் மரப்புலியைக் காணலாம். அதன் விலாவுக்குள் இசைப்பெட்டி ஒன்று இருக்கிறது. இவற்றைப் பார்க்கையில் எப்படி இங்கே வந்தன என்ற கேள்வி எழாமல் இராது, எழுவதும் நல்லதே. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் 1967-இல் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் திருமேனி, கும்பகோணத்தை அடுத்த சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் 1957-இல் எடுத்த ஒளிப்படத்தில் இருப்பது தெரியவந்த பிறகு, அதைத் திருப்பி அளிக்க 2024-இல் பல்கலைக்கழகம் இசைந்தது. அதற்கு அடிப்படையாக இருந்தது, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படத்தொகுப்பு.

லண்டனோடு நின்றுவிடாதீர்கள். கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ், 1901-இல் திறக்கப்பட்ட செங்கல் நிற மாளிகை; அந்நகரம் 1952-இல் 8,200 பவுண்டுக்கு வாங்கி, அப்போது பெரும் எதிர்ப்பைச் சந்தித்த, ஸ்பானிய ஓவியர் சல்வடோர் தாலியின் சிலுவை ஓவியம் அங்கே தொங்குகிறது. கார்டிஃபில், குவென்டொலின், மார்கரெட் டேவிஸ் என்ற சகோதரிகள் உயில்வழி விட்டுச்சென்ற 260 படைப்புகளில் மோனேயின் அல்லிக்குளமும் ரென்வாரின் நீல உடைப் பெண்ணும் உண்டு. ரஃபேலுக்கு முந்தைய பாணியை நாடிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர்களான முன்-ரஃபேலியரின் ஓவியங்களை விரும்புகிறவர்கள் பர்மிங்ஹாமுக்கும் மான்செஸ்டருக்கும் போக வேண்டும். வேக்ஃபீல்டு அருகே யார்க்ஷயர் சிற்பப் பூங்காவில் ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பங்களைச் சுற்றி ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். 1977 முதல் இயங்கும் அந்தப் பரந்த வெளியில் மழையங்கியும் சேற்றுக்கு அஞ்சாத காலணியும் இல்லாமல் போனால் பாதியில் திரும்ப நேரும், நுழைவுக் கட்டணமும் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஓவியத்துக்காகவே தொலைதூரம் போவதாக இருந்தால், அது இப்போது மாட்டப்பட்டிருக்கிறதா, இரவலுக்குப் போயிருக்கிறதா என்பதைக் கூடத்தின் இணையதளத்தில் தேடிவிட்டுக் கிளம்புங்கள். நாட்டின் பொது உடைமையான இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்களை 'ஆர்ட் யுகே' என்ற தளம் தொகுத்துத் தந்திருக்கிறது.

விற்பனைக் கூடங்களைப் பார்த்து நம்மவர்கள் ஒதுங்கிப் போவதற்குக் காரணமில்லை. லண்டன் மேஃபேரின் கார்க் தெருவிலும் பிற இடங்களிலும் உள்ள அவை வாங்குகிறவர்களுக்காக நடத்தப்பட்டாலும், பார்க்க வருகிறவரிடம் காசு கேட்பதில்லை. கதவு பூட்டியிருந்தால் மணியை அழுத்துங்கள். வணக்கம் சொல்லிவிட்டு நடந்து பாருங்கள். விலைப்பட்டியல் வேண்டுமானால் மேசையில் கேளுங்கள். சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் அது விற்றுவிட்டது. கோடையில் கலைக் கல்லூரி மாணவர்கள் நடத்தும் பட்டக் கண்காட்சிகளும் அநேகமாக இலவசமே. 1769 முதல் ஓர் ஆண்டும் விடாமல் ராயல் அகாடமி நடத்திவரும் கோடைக் கண்காட்சிக்குக் கட்டணம் உண்டு. ஆனால் யார் வேண்டுமானாலும் படைப்பை அனுப்பித் தேர்வுக்கு முயலலாம் என்பதால், புகழ்பெற்றவரின் ஓவியத்துக்குப் பக்கத்திலேயே பெயர் அறியாத ஒருவரின் சிறு படம் விலையோடு தொங்குவதை அங்கே பார்க்கலாம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஓவியக் கூடத்தைவிட விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டிலிருந்து தொடங்குவது எளிது. அதன் முற்றத்திலுள்ள ஆழமற்ற குளத்தில் கோடையில் பிள்ளைகள் கால் நனைத்து விளையாடுவார்கள், மாற்று உடை கொண்டு போங்கள்.

கடைசியாக, பலரும் அறியாத ஒரு வழி இருக்கிறது. காகிதத்தில் வரைந்த நீர்வண்ண ஓவியங்கள் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். அதனால் அவற்றை மங்கலான அறையில் சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டு மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். சுவரில் இல்லாதவற்றைப் பார்க்க, டேட் பிரிட்டனிலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் அதற்கென உள்ள வாசிப்பறைகளுக்கு முன்கூட்டியே எழுதி நேரம் கேட்கலாம். அறிஞராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அடையாள அட்டை வேண்டும், பென்சில் போதும். எடின்பரோவிலோ இதற்கு மாதமே குறித்திருக்கிறார்கள். ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர், தம்மிடமிருந்த டர்னரின் 38 நீர்வண்ணங்களை ஸ்காட்லாந்தின் தேசியக் கூடத்துக்கு 1900-இல் விட்டுச்சென்றபோது, சூரிய ஒளி மிகவும் மங்கியிருக்கும் ஜனவரியில் மட்டுமே அவற்றை மக்களுக்குக் காட்ட வேண்டும், அதுவும் கட்டணமின்றிக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாள் தொடங்கும் அந்தக் காட்சிக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். அங்கே அந்த மாதத்தின் தொடக்கத்தில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும்.